தராசில் ஏற்றுவதற்கு முன்: உலோகத்தின் அளவிலிருந்து எடைக்கு

இரும்பைக் கிலோவில் வாங்குகிறோம். வேலை செய்வதோ அடியிலும் மில்லிமீட்டரிலும். கேட் செய்யச் சொல்கிறவர் பத்தடி அகலம், ஐந்தடி உயரம் என்கிறார். கடைக்காரர் மொத்தம் எத்தனை கிலோ போடட்டும் என்று கேட்கிறார். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நிற்பது உலோகத்தின் அடர்த்தி. அது தெரிந்திருந்தால், பொருள் தராசில் ஏறுவதற்கு முன்பே அதன் எடை உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். கொட்டேஷன் கொடுக்க, வண்டி பேச, வந்திறங்கிய சரக்கைச் சரிபார்க்க, செயின் பிளாக் தாங்குமா என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கே அடிப்படை. பட்டறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் வெல்டிங் பழகுவதற்கு முன்பே இதைப் பழகிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தராசு கிலோவில் காட்டும் நிறையைத்தான் இந்த அத்தியாயத்தில் எடை என்று எழுதுகிறேன்.

ஒரே ஒரு பெருக்கல்

கன அளவை அடர்த்தியால் பெருக்கினால் எடை. சூத்திரம் இவ்வளவுதான். ஆட்கள் தடுக்கி விழுவது பெருக்கலில் இல்லை, அலகில்.

தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. அதே ஒரு லிட்டர் இடத்தை முழுக்க இரும்பால் நிரப்பினால் 7.85 கிலோ. செம்பால் நிரப்பினால் 8.96 கிலோ. அலுமினியம் 2.70 கிலோ. அடர்த்தியை இப்படி 'ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோ' என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்றாலும், ஒரு கன மீட்டருக்கு இத்தனை டன் என்றாலும் எண் மாறாது. மூன்றிலும் இரும்பு 7.85 தான். ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று எழுதும்போது மட்டும் அது 7850 ஆகிறது. பொறியாளர்களின் வரைபடத்தில் 7850 என்றும் கடை அட்டவணையில் 7.85 என்றும் பார்த்துக் குழம்ப வேண்டாம். இரண்டும் ஒன்றே.

பட்டறையில் எல்லா அளவும் மில்லிமீட்டரில் இருக்கும். ஒவ்வொரு பக்கமும் 100 மில்லிமீட்டர் உள்ள கனசதுரம் ஒரு லிட்டர். அதாவது ஒரு லிட்டரில் பத்து லட்சம் கன மில்லிமீட்டர். ஆகவே நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் வழி இது: மில்லிமீட்டரில் அளந்து கன அளவு காணுங்கள், பத்து லட்சத்தால் வகுத்து லிட்டராக்குங்கள், அடர்த்தியால் பெருக்குங்கள். விடை கிலோவில் வந்துவிடும்.

100 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன் உள்ள ஒரு பேஸ் பிளேட்டை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் ஒரு லட்சம் கன மி.மீ. பத்து லட்சத்தால் வகுத்தால் 0.1 லிட்டர். 7.85ஆல் பெருக்கினால் 0.785 கிலோ. முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். லிட்டர் என்ற படியில் ஒரு நொடி நின்று யோசிப்பதில் ஒரு நன்மை உண்டு. அது கண்ணுக்குப் பழகிய அளவு. அந்தத் துண்டு அரை டம்ளர் அளவுதானே இருக்கும் என்று பார்த்தவுடனே தெரியும். கணக்கு ஏழு கிலோ என்று காட்டினால் புள்ளி தவறிவிட்டது என்பதும் உடனே பிடிபடும்.

அடிக் கணக்கில் வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஓர் அடி 304.8 மி.மீ. ஆனால் ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். நீளத்தை மாற்றும் எண்ணாலேயே கன அளவையும் மாற்றப் போனால் விடை எங்கோ போய்விடும். மாற்றுவதை முதலிலேயே செய்துவிடுங்கள். அடியும் அங்குலமும் மி.மீ. ஆன பிறகுதான் பெருக்கல்.

கம்பியும் 162 என்ற எண்ணும்

வீடு கட்டும் இடங்களில் மேஸ்திரியிலிருந்து சைட் இன்ஜினியர் வரை எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம்: கம்பியின் விட்டத்தை மி.மீ.யில் வர்க்கம் செய்து 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில். பலர் இதை மந்திரம் போல ஒப்பிக்கிறார்கள். இந்த 162 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் வேறு உலோகத்துக்கும் அதை நீங்களே செய்துகொள்ளலாம்.

வட்டத்தின் பரப்பு விட்ட வர்க்கத்தின் 0.7854 மடங்கு. ஒரு மீட்டர் என்பது 1000 மி.மீ. ஆகவே ஒரு மீட்டர் கம்பியின் கன அளவு, விட்ட வர்க்கத்தின் 785.4 மடங்கு கன மி.மீ. பத்து லட்சத்தால் வகுத்து 7.85ஆல் பெருக்கினால், விட்ட வர்க்கத்தின் 0.006165 மடங்கு. இதைத் திருப்பிப் போட்டால் 162.2. அதுதான் அந்த எண். நடுவில் வரும் 785.4ம் இரும்பின் 7.85ம் ஒன்றுபோல் தெரிவது வெறும் தற்செயல். ஒன்று வட்டத்தின் வடிவத்திலிருந்து வருவது, மற்றது இரும்பின் குணத்திலிருந்து வருவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒன்றை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

இதே வழியில் செம்புக் கம்பிக்கு 142, பித்தளைக் கம்பிக்கு ஏறத்தாழ 150, அலுமினியத்துக்கு 472. எவர்சில்வர் 304 கிரேடு ராடுக்கு 160.6. அடிக்கு எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு, இரும்பானால் 532ஆல் வகுக்கச் சொல்லுங்கள்.

இரும்புக் கம்பிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மீட்டருக்கு 8 மி.மீ. 0.395 கிலோ, 10 மி.மீ. 0.617, 12 மி.மீ. 0.888, 16 மி.மீ. 1.58, 20 மி.மீ. 2.47, 25 மி.மீ. 3.85. கடையில் வரும் முழுக் கம்பி 12 மீட்டர் என்பதால் 12 மி.மீ. கம்பி ஒன்று 10.66 கிலோ. நாற்பது கம்பி கேட்டால் 426 கிலோ பில்லில் இருக்க வேண்டும்.

இனி, டிஎம்டி கம்பியின் விட்டத்தை எப்படி அளப்பது? வெர்னியர் காலிப்பரை வைத்தால் ஒரு இடத்தில் 11.4 காட்டும், கம்பியின் மேல் ஓடும் வரிமேட்டின் மேல் வைத்தால் 13 காட்டும். இரண்டும் கம்பியின் உண்மை விட்டம் இல்லை. முறுக்கும் மேடும் உள்ள கம்பிக்கு '12 மி.மீ.' என்பது, அதே எடையுள்ள வழவழப்பான உருண்டைக் கம்பிக்கு என்ன விட்டம் இருக்குமோ அது. எனவே இங்கே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். எடையிலிருந்துதான் விட்டத்துக்கு வர வேண்டும்.

ஒரு கம்பியின் நுனியிலிருந்து அரை மீட்டருக்குக் குறையாமல் ஒரு துண்டை நேராக வெட்டுங்கள். ஒரு மீட்டர் கிடைத்தால் நல்லது. நீளத்தை டேப்பால் மி.மீ. சுத்தமாக அளந்து, கிராம் காட்டும் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கண்டு, 0.00785ஆல் வகுத்தால் கம்பியின் வெட்டுமுகப் பரப்பு சதுர மி.மீ.யில் வரும். 12 மி.மீ. கம்பிக்கு அது 113 வர வேண்டும். டிஎம்டி கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1786ம் இதே 0.00785ஐத்தான் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறது. ஒரு லாட்டின் எடை எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பதையும் அது சொல்கிறது: 10 மி.மீ. வரை நூற்றுக்கு 7, அதற்கு மேல் 16 மி.மீ. வரை 5, அதற்கும் மேல் 3. ஆகவே 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.844 கிலோவிலிருந்து 0.932 கிலோ வரை இருக்கலாம். தனித் துண்டு ஒன்றுக்கு இன்னும் சிறிது குறைவதையும் தரநிலை ஏற்றுக்கொள்கிறது. அதனால் ஒரு துண்டோடு நிறுத்தாமல் வெவ்வேறு கம்பிகளிலிருந்து மூன்று நான்கு துண்டுகள் பாருங்கள்.

"எடை குறைந்தால் என்ன, கிலோவுக்குத்தானே காசு கொடுக்கிறேன்?" என்று பலர் கேட்கிறார்கள். காசு போகவில்லை என்பது சரி. போவது வேறு ஒன்று. பொறியாளர் ஒரு தூணுக்கு எட்டுக் கம்பி என்று எழுதும்போது எட்டு எண்ணத்தையா கணக்குப் போட்டார்? எட்டு 113, அதாவது 904 சதுர மி.மீ. இரும்பு அந்தத் தூணில் இருக்கும் என்று கணக்குப் போட்டார். கம்பி நூற்றுக்கு எட்டு குறைந்தால் அந்தத் தூணில் ஏறத்தாழ 72 சதுர மி.மீ. இரும்பு இல்லை. எண்ணிக்கை சரியாக இருக்கிறது, காங்கிரீட் மூடிவிடுகிறது, யாருக்கும் தெரிவதில்லை. கம்பியை எண்ணிக்கைக்கு வாங்குகிறவருக்குப் பண நஷ்டம். எடைக்கு வாங்குகிறவருக்கு வலு நஷ்டம். வீட்டுக்காரர் வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டுகிற வீடு அது. ஒரு லாட் இறங்கியதும் அரை மணி நேரம் செலவழித்து இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

தகடு, பைப், ஆங்கிள்

தகடு எல்லாவற்றிலும் எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு மி.மீ. தடிமனும் சேர்ந்தால் சரியாக ஒரு லிட்டர். ஆகவே இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 7.85 கிலோ. ஒரு மி.மீ. தடிமனுள்ள எட்டுக்கு நான்கு அடி ஷீட், 2440க்கு 1220 மி.மீ. என்றால் 23.4 கிலோ. அதையே 2500க்கு 1250 அளவில் கொடுத்தால் 24.5 கிலோ. இரண்டையும் 'எட்டு நாலு' என்றே சொல்லும் கடைகள் உண்டு. வித்தியாசம் நூற்றுக்கு ஐந்து. டேப்பை ஒருமுறை போட்டுப் பாருங்கள். செக்கர்டு பிளேட்டில் மேடுகளின் எடை தனி. அதைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்துக்கொள்வதே நல்லது.

உருண்டைப் பைப்புக்கு வெளிவட்டம், உள்வட்டம் என்று இரண்டு பரப்பு கண்டு கழிக்க வேண்டியதில்லை. வெளிவிட்டத்திலிருந்து தடிமனைக் கழித்து, அதைத் தடிமனால் பெருக்கி, 0.02466ஆல் பெருக்குங்கள். 48.3 மி.மீ. வெளிவிட்டமும் 3.2 மி.மீ. தடிமனும் உள்ள பைப், கடையில் ஒன்றரை இஞ்ச் மீடியம் கிளாஸ் என்பார்களே, அது: 45.1 பெருக்கல் 3.2 பெருக்கல் 0.02466. மீட்டருக்கு 3.56 கிலோ. 'ஒன்றரை இஞ்ச்' என்பது பெயர் மட்டுமே. கணக்கில் எங்கும் 38 மி.மீ. வராது என்பதைக் கவனித்தீர்களா? பைப்பின் பெயரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அளந்த வெளிவிட்டத்தை வைத்துப் போடுங்கள்.

ஸ்கொயர் பைப்புக்குப் பக்கத்திலிருந்து தடிமனைக் கழித்து, நான்கால் பெருக்கி, தடிமனால் பெருக்கி, 0.00785ஆல் பெருக்க வேண்டும். 50க்கு 50, 2 மி.மீ. தடிமன் என்றால் 3.01 கிலோ வரும். மூலைகள் கூராக இல்லாமல் வளைந்திருப்பதால் உண்மை எடை இதைவிட நூற்றுக்கு இரண்டு மூன்று குறையும். ஆங்கிளுக்கு இரு பக்கங்களையும் கூட்டி ஒரு தடிமனைக் கழியுங்கள். மூலை இரண்டு பக்கத்துக்கும் பொது என்பதால் இரண்டு முறை எண்ணக் கூடாது. 50, 50, 6 மி.மீ. ஆங்கிள்: 94 பெருக்கல் 6 பெருக்கல் 0.00785, மீட்டருக்கு 4.43 கிலோ. ஆலை அட்டவணை 4.5 என்று காட்டும். உள்மூலையில் நிரம்பியிருக்கும் வளைவின் எடைதான் அந்தக் கூடுதல்.

இப்போது இந்த அத்தியாயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். தடிமன்.

ஆறு மீட்டர் பைப்பின் நீளத்தை அளக்கும்போது ஐந்து மி.மீ. தவறினாலும் எடை ஆயிரத்தில் ஒரு பங்குகூட மாறாது. பக்கத்தை 50க்குப் பதில் 49.5 என்று எடுத்தால் நூற்றுக்கு ஒன்று. ஆனால் 2 மி.மீ. தடிமனை 1.8 என்று எடுத்தால் நூற்றுக்குப் பத்துக்கு அருகில் போய்விடும். மீட்டருக்கு 3.01 கிலோ 2.72 ஆகிவிடும், ஆறு மீட்டர் பைப்பில் ஒன்றே முக்கால் கிலோ. மிகச் சிறிய அளவில்தான் மிகப் பெரிய தவறு ஒளிந்திருக்கிறது. பைப்பை எண்ணிக்கைக்கு விற்கும் இடங்களில் குறைவும் அங்கேதான் நடக்கிறது, ஏனென்றால் கண்ணால் பார்த்து 1.8ஐயும் 2ஐயும் பிரித்தறிய முடியாது. அதனால் டேப் மட்டும் வைத்துக்கொண்டு எடைக் கணக்குப் போட வராதீர்கள். ஒரு வெர்னியர் காலிப்பர் கட்டாயம் வேண்டும். மெல்லிய தகட்டுக்கு மைக்ரோமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. வெட்டிய முனையில் பிசிறு இருக்கும், அதன் மேல் வைத்தால் தடிமன் கூடிக் காட்டும். அரத்தால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு அளங்கள். பெயின்ட் அடித்த பைப்பானால் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும். கால்வனைஸ் பூச்சைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். துத்தநாகத்தின் அடர்த்தி இரும்புக்கு அருகில்தான்.

கேஜ் எண்ணை நம்பி எடை போடவே போடாதீர்கள். 16 கேஜ் என்பது பிரிட்டிஷ் அட்டவணையில் 1.63 மி.மீ., அமெரிக்க இரும்புத் தகட்டு அட்டவணையில் 1.52 மி.மீ. எந்த அட்டவணை என்று பில்லில் யாரும் எழுதுவதில்லை.

எந்த உலோகத்துக்கு எந்த எண்

லிட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில், சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டியவை:

அலுமினியம் 2.70
துத்தநாகம் 7.14
வார்ப்பிரும்பு 7.0 முதல் 7.3
மைல்டு ஸ்டீல் 7.85
எவர்சில்வர் 304 கிரேடு 7.93
பித்தளை 8.4 முதல் 8.7
வெண்கலம் 8.7 முதல் 8.9
செம்பு 8.96
வெள்ளி 10.49
ஈயம் 11.34
தங்கம் 19.3

தூய உலோகத்துக்கு ஒரே எண் இருப்பதையும், பல கலவைகளுக்கு ஒரு வீச்சு இருப்பதையும் பாருங்கள். வார்ப்பிரும்பு மைல்டு ஸ்டீலைவிட லேசாக இருப்பதற்குக் காரணம் அதற்குள் படலம் படலமாக இருக்கும் கிராஃபைட். கிராஃபைட்டின் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பம்ப் உறையை 7.85 போட்டுக் கணக்கிட்டால் நூற்றுக்கு எட்டுக்கு மேல் கூடிவிடும். விலை சொல்லும்போது ஆர்டர் கைநழுவிப் போக அது போதும். எவர்சில்வருக்கு 7.85 போட்டால் தவறு நூற்றுக்கு ஒன்றுதான். அவசரத்தில் அது பரவாயில்லை.

கலவையின் அடர்த்தியைக் கணக்கிடுவதில் பரவலான ஒரு பிழை உண்டு. 22 காரட் தங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கிராமில் 91.6 கிராம் தங்கம், மீதி 8.4 கிராம் செம்பு என்று வைப்போம். 19.3ஐயும் 8.96ஐயும் இந்த விகிதத்தில் சராசரி எடுத்தால் 18.4 வரும். அது தவறு. கூட்ட வேண்டியது அடர்த்தியை இல்லை, இடத்தை. 91.6 கிராம் தங்கம் 4.75 கன செ.மீ. இடம் பிடிக்கும். 8.4 கிராம் செம்பு 0.94. மொத்தம் 5.69 கன செ.மீ.யில் நூறு கிராம். ஆகவே அடர்த்தி 17.6. செம்போடு வெள்ளியும் பாதியாகச் சேர்ந்தால் 17.8. ஒரு சவரன், அதாவது 8 கிராம், 22 காரட் தங்கம் அரை கன செ.மீ.கூட இருக்காது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளைக்கு இப்படிக் கணக்குப் போட்டால் 8.32 வரும், உண்மையில் அது 8.5க்குச் சற்று மேல். சில உலோகங்கள் கலக்கும்போது மொத்த இடம் சிறிது சுருங்குகிறது. அதனால் அட்டவணையில் எண் இருந்தால் அதையே எடுங்கள். இல்லாதபோது மட்டும் கணக்கு. அடர்த்தியை வைத்துத் தங்கத்தின் தரத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: டங்ஸ்டனின் அடர்த்தி 19.25. தங்கத்துக்கும் அதற்கும் இந்தச் சோதனையில் வித்தியாசமே தெரியாது.

வடிவம் பிடிபடாத பொருள்

மேலே போகப்போகச் சிறுக்கும் பொருளுக்குச் சராசரி விட்டம் எடுத்தால் பெரும்பாலும் போதும். டெல்லியில் குதுப் மினார் வளாகத்தில் நிற்கும் குப்தர் காலத்து இரும்புத் தூணை வைத்துப் பார்க்கலாம். அதைத் தராசில் ஏற்ற யாராலும் முடியாது. மொத்த நீளம் சுமார் 7.2 மீட்டர், அடியில் விட்டம் சுமார் 42 செ.மீ., மேலே சுமார் 30. சராசரி 36 செ.மீ. என்று வைத்தால் கன அளவு 0.73 கன மீட்டர், அதாவது 730 லிட்டர். அடித்துச் செய்த பழைய இரும்பில் கசடு கலந்திருக்கும் என்பதால் 7.7 போட்டால் 5.6 டன். மண்ணுக்குள் இருக்கும் அடிப்பகுதி இன்னும் பருத்தது. அதையும் சேர்த்தால் 6 டன்னுக்கு மேல் என்று ஆய்வாளர்கள் சொல்லும் எடைக்கு அருகில் வந்துவிடுகிறோம். கையில் இருந்தது ஒரு டேப் கணக்கு மட்டும்தான்.

குத்துவிளக்கின் தண்டு, வால்வு, கதவுக் கைப்பிடி போன்றவற்றுக்கு எந்தச் சூத்திரமும் உதவாது. தண்ணீரில் போட்டு வழிகிற தண்ணீரை அளப்பார்கள். அதில் சிந்துவது நிறைய. அதைவிட நல்ல முறை ஒன்று உண்டு. ஒரு வாளித் தண்ணீரை எலக்ட்ரானிக் தராசின் மேல் வைத்து அளவைப் பூஜ்ஜியமாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல், முழுவதும் மூழ்கும்படி கையால் அல்லது ஒரு கம்பத்தில் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம் எவ்வளவோ, பொருளின் கன அளவு அத்தனை கன செ.மீ. தண்ணீர் பொருளை மேலே தள்ளும் விசைதான் வாளியைக் கீழே அழுத்துகிறது. ஆர்க்கிமிடீஸ் கண்டது அதுவே. காயவைத்து நிறுத்தபோது 1260 கிராம், தண்ணீரில் தொங்கும்போது தராசு 150 காட்டுகிறது என்றால் அடர்த்தி 8.4, பித்தளை. அதே பித்தளை 7.6 என்று காட்டினால் உள்ளே காற்றுக் குழி இருக்கிறது, அல்லது நடுவில் வேறு ஏதோ நிரப்பியிருக்கிறது. மூழ்கவிட்டதும் ஒருமுறை ஆட்டி, ஒட்டியிருக்கும் குமிழிகளை உதிர்த்துவிட்டுப் பாருங்கள்.

வார்ப்புக்கு எவ்வளவு உருக்குவது

சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதை மண்ணால் மூடி, சுட்டு மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் பஞ்சலோகத்தை ஊற்றுகிறார்கள். மெழுகு இருந்த இடம் அப்படியே உலோகத்தின் இடம். ஆகவே மெழுகை நிறுத்தாலே போதும்; கன அளவு என்ற படியே தேவையில்லை. தேன்மெழுகின் அடர்த்தி 0.96, வெண்கலம் 8.8, வகுத்தால் 9 மடங்குக்குச் சற்று மேல். மெழுகு உருவம் 2 கிலோ இருந்தால் 18 கிலோவுக்குக் குறையாமல் உலோகம் வேண்டும். மெழுகில் குங்கிலியம் சேர்ந்தால் அதன் அடர்த்தி சிறிது ஏறும், மடங்கு சிறிது இறங்கும். இந்தக் கணக்கு மிகப் பழையது. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் உள்ள 'மானசோல்லாசம்', மெழுகின் எடையைப் போல் எத்தனை மடங்கு உலோகம் எடுக்க வேண்டும் என்று உலோகவாரியாகச் சொல்கிறது. அடர்த்தி என்ற பாடம் பள்ளிக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, மண் அச்சுக்குள் உலோகம் பாதியில் தீர்ந்துபோனால் மாதக்கணக்கான உழைப்பு பாழ் என்பதை அறிந்தவர்கள் வைத்திருந்த கணக்கு அது. எனக்கு அவர்கள் மேல் இருக்கும் மரியாதைக்கு அளவில்லை.

உலோகம் ஓடும் வழிகளையும் மெழுகிலேயே செய்து சேர்த்து நிறுத்திருந்தால் அவற்றுக்குத் தனியாகக் கூட்ட வேண்டாம். உருக்கும்போது போகும் சேதாரத்துக்கு மட்டும் கூட்டுங்கள். பித்தளையில் அது அதிகம், ஏனென்றால் உலையின் சூட்டில் துத்தநாகம் வெண்புகையாகப் போய்விடும்.

மர பேட்டர்ன் வைத்து மணலில் வார்க்கும் ஃபவுண்டரியிலும் இதே மடங்குக் கணக்கைப் போடுகிறவர்கள் உண்டு. மரத்துக்கு மரம் அடர்த்தி மாறும், ஈரத்தோடும் மாறும் என்பதால் அதைத் தோராயமாக மட்டும் எடுங்கள். உள்ளே கோர் வரும் வார்ப்பானால் கோரின் கன அளவைக் கழிக்க வேண்டும். கோரைத் தாங்குவதற்காகப் பேட்டர்னில் நீட்டியிருக்கும் பகுதியும் வார்ப்பில் வராது.

மூசையின் கொள்ளளவைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உருகிய உலோகத்தின் அடர்த்தி குறைவு. திட அலுமினியம் 2.70, உருகியபின் சுமார் 2.4. பத்து லிட்டர் மூசை 27 கிலோ அலுமினியம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டால் 24க்கு மேல் தளும்பும். அதே காரணத்தால்தான் உருகியது உறையும்போது இடம் சுருங்குகிறது, மேலே ரைஸர் வைத்து உலோகத்தைக் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கிறது. பட்டறையின் வெயிலும் குளிரும் திட உலோகத்தின் அடர்த்தியை மாற்றுவது மிகமிகக் கொஞ்சம். அதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம்.

தூக்குவதற்கு முன்

3000க்கு 1500 மி.மீ., 20 மி.மீ. தடிமன் உள்ள ஒரு தகடு லாரியிலிருந்து இறங்க வேண்டும். பார்க்க ஒரு கதவு போலத்தான் இருக்கும். பெருக்குங்கள்: ஒன்பது கோடி கன மி.மீ., 90 லிட்டர், 707 கிலோ. பட்டறையில் தொங்கும் அரை டன் செயின் பிளாக்கில் இதை மாட்டக் கூடாது. நான்கு பேர் சேர்ந்து நகர்த்திவிடலாம் என்றும் நினைக்கக் கூடாது. அலுமினியத் தகடானால் இதே அளவு 243 கிலோ. அதே பிளாக் போதும். உலோகத்தின் பெயரைக் கேட்காமல் அளவை மட்டும் பார்த்துத் தூக்கச் சொல்கிறவரிடம் வேலை செய்யாதீர்கள்.

இந்தக் கணக்கில் எப்போதும் மேல்பக்கமாகவே முழுமையாக்குங்கள். தடிமன் 20.4 இருக்கலாம், வெல்டு செய்த ஸ்டிஃப்னர் இருக்கலாம், கொக்கியும் ஷேக்கிளும் ஸ்லிங்கும் சேர்ந்தே தூக்கப்படுகின்றன. 707 என்றால் 800 என்று வைத்துக்கொண்டு ஒரு டன் பிளாக்கை எடுங்கள். இரண்டு கால் ஸ்லிங் சாய்வாக நின்றால் ஒவ்வொரு காலிலும் இழுவிசை, எடையில் பாதியைவிடக் கூடும். அதன் கணக்கு தூக்கு கருவிகள் பற்றிய அத்தியாயத்தில் வருகிறது. எடை கண்டதும் அதை நோட்டில் மட்டும் வைத்திராமல் சாக்பீஸால் தகட்டின் மேலேயே, இரண்டு பக்கமும், பெரிதாக எழுதிவிடுங்கள். இறக்குகிறவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.